பத்து நிமிடத் தண்ணீர்

காலை ஆறரை மணிக்கே அவர் நிலையத்துக்கு வந்துவிட்டார். பணியில் கடைசி நாள். சால்வை, மாலை, விருந்து எல்லாம் சாயங்காலம்தான். ஆனாலும் 33 வருடப் பழக்கம் விடுமா? வந்ததும் கை நேராக வண்டியின் டயரைத் தட்டிப் பார்த்தது. டீசல், இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி. பிறகு ஸ்டார்ட் செய்து சிறிது நேரம் ஓடவிட்டு, பம்ப் சரியாக இழுக்கிறதா என்று பார்த்தார்.

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிறு நகரத்துத் தீயணைப்பு நிலையம் அது. அவர் அங்கே டிரைவர் மெக்கானிக். வண்டி ஓட்டுவதோடு அந்த வேலை முடிந்துவிடாது. தீப்பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்திய பிறகுதான் பாதி வேலையே ஆரம்பம். வண்டியை ஓட்டும் அதே இன்ஜின்தான் பம்பையும் சுற்ற வைக்கும். முன்னால் குழாய் பிடித்து நிற்பவருக்கு எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் போக வேண்டும் என்பது பின்னால் நிற்கும் இவர் கையில். அழுத்தம் திடீரென்று கூடினால், குழாய் ஆளையே தூக்கி அடித்துவிடும். குறைந்தால் தண்ணீர் தீயை எட்டாது.

அவர் பணியில் சேர்ந்தபோது நிலையத்தில் இருந்தவை ஒரு நீர்தாங்கி வண்டி, ஜீப்பில் கட்டி இழுத்துப் போகும் ஒரு டிரெய்லர் பம்ப். அவ்வளவுதான். பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஒரு வளைவு திரும்புவதற்குள் தோள் கழன்றுவிடும்.

நீர்தாங்கி வண்டியில் பொதுவாக 4,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கேட்பதற்குப் பெரிய அளவாகத் தெரியும். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் அடித்தால், பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டு குழாய் என்றால் ஐந்து நிமிடம். அதற்குள் அடுத்த தண்ணீருக்கு வழி பார்த்தாக வேண்டும். இந்தக் கணக்கைப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அவருக்கு அது உறைத்தது தொண்ணூறுகளில், ஒரு சித்திரை மாத மதியத்தில்.

கூரை வீடுகள் வரிசையாக இருந்த தெரு. தகவல் வந்த ஒரு நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. தெரு முனைக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. ஒரு பக்கம் செங்கல் குவியல், இன்னொரு பக்கம் மாட்டு வண்டி. முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, ஒன்றோடு ஒன்றாகக் குழாய்களை இணைத்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் தீர்ந்தது. பக்கத்துக் குளத்துக்குப் போய்ப் பார்த்தால், வெடித்துக் கிடந்த சேறுதான் இருந்தது. நான்கு வீடுகள் சாம்பலாயின. நான்காவது வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த பாட்டியைக் கட்டிலோடு வெளியே தூக்கி வந்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார்.

யாரும் இவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமே இவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினார். விடுப்பு நாட்களில் ஊரின் ஒவ்வொரு தெருவாக நடந்தார். காலடி வைத்து அகலம் அளந்தார். வண்டி எட்டடி அகலம்; கதவைத் திறந்து ஆள் இறங்க வேண்டுமானால் பத்தடியாவது வேண்டும். எந்தத் தெருவில் மின்கம்பி தாழத் தொங்குகிறது, எந்தக் குளம் பங்குனியோடு வற்றும், எந்தத் தோட்டத்தில் மோட்டார் இருக்கிறது, மோட்டார் அறைச் சாவி யாரிடம் என்று எல்லாவற்றையும் எழுதினார். தண்ணீர் மட்டம் பம்பிலிருந்து ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போய்விட்டால் பம்ப் இழுக்காது. அதனால் கிணறுகளின் ஆழமும் நோட்டில் ஏறியது. ஒரு நோட்டு மூன்றானது.

இதற்கிடையே வண்டிகளும் மாறிக்கொண்டே வந்தன. கூரை வீடுகள் குறைந்தன. கேஸ் சிலிண்டர்கள் கூடின. நான்கு வழிச் சாலை வந்தது. நசுங்கிய காருக்குள் சிக்கியவர்களை மீட்க ஹைட்ராலிக் கட்டர் வந்தது. 2004 சுனாமியும் 2015 சென்னை வெள்ளமும் ரப்பர் படகின் அருமையை எல்லோருக்கும் காட்டின. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு என்று எல்லாவற்றுக்கும் மக்கள் தீயணைப்பு நிலையத்தைத்தான் கூப்பிட்டார்கள். துறையின் பெயரிலேயே ‘மீட்புப் பணிகள்’ சேர்ந்துகொண்டது. இப்போது பேட்டரி ஸ்கூட்டர் தீப்பிடிக்கிறது. அணைந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் பற்றிக்கொள்ளும். பேட்டரி குளிரும்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவர் நீண்ட காலம் ஓட்டிய வண்டி இப்போது நிலையத்தின் பின்பக்கம், வேப்பமரத்தடியில் நிற்கிறது. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதி. அந்த வண்டி ஏலத்துக்குக் காத்திருக்கிறது. மதியம் அதன் அருகே போய் நின்றவர், கதவின் கைப்பிடியை ஒருமுறை துடைத்துவிட்டு வந்தார்.

முன்பக்கம் புது வண்டி பளபளவென்று நிற்கிறது. லேசாகத் திரும்பும் ஸ்டீயரிங், பின்பக்கக் கேமரா, ராத்திரி வேலைக்கு உயர்ந்து நிற்கும் விளக்கு. அதை ஓட்டப் போகும் இளைஞரைக் கூப்பிட்டு மூன்று நோட்டுகளையும் கொடுத்தார்.

“எல்லாம் போன்லயே மேப் காட்டுதேண்ணே...” என்று சொல்லிக்கொண்டே இளைஞர் புரட்டினார்.

“காட்டும் தம்பி. தெரு எங்க இருக்குன்னு காட்டும். இந்தக் குளத்துல சித்திரையில தண்ணி இருக்கான்னு காட்டுமா?”

இளைஞர் பதில் சொல்லவில்லை. ஒரு பக்கத்தில் நின்று படித்தார். “அண்ணே, இந்தத் தெருவுக்கு நேரா அடிக்கோடு போட்டிருக்கீங்க. ‘பாட்டி’ன்னு எழுதியிருக்கு. வேற எதுவும் இல்லையே?”

அவர் அந்தக் கதையைச் சொன்னார். கேட்டு முடித்த இளைஞர், வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் தெருத் தெருவாகப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். “பாதித் தெரு இப்ப மாறியிருக்கும் தம்பி, புதுசா எழுதிக்க” என்றார் இவர்.

இரவு மாலையும் கழுத்துமாக மனைவியோடு வீட்டுக்கு நடந்து வந்தார். அவர்கள் தெருவின் திருப்பத்தில் ஒரு புதுக் கார், பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மனைவி சிரித்துவிட்டார். “இன்னைக்குக்கூடவா?”

அவர் காரின் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். “சார், காரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்துங்களேன்.”

“இந்த நேரத்துல எந்த வண்டி சார் வரப் போகுது?”

“வரவே வேண்டாம் சார். ஆனா வந்தா நுழையணும்ல?”

அந்த மனிதர் இவர் கழுத்து மாலையைப் பார்த்தார், சீருடையைப் பார்த்தார். உள்ளே போய்ச் சாவி எடுத்து வந்தார். கார் நகர்ந்ததும், இவர் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை காலடி வைத்து அளந்தார்.

பன்னிரண்டு அடி. தாராளமாகப் போகும்.