முதுமைக்கு வைத்த முதல்

பணத்தை ஈட்டுவது ஆடவர் கடமை, அதைச் செட்டாகச் செலவிடுவது பெண்டிர் வேலை என்று எண்ணுவோர் இன்றும் உளர். ஈட்டிய பணத்தை எங்கே வைப்பது என்னும் மூன்றாவது வேலை ஒன்றும் உண்டு. அது இருவருக்கும் பொது. 2022ஆம் ஆண்டில் நாங்கள் பட்டறிந்ததை இப்பகுதியைப் படிக்கும் சகோதரிகளுக்குச் சொல்ல விழைகின்றேன்.

திருகோணமலையில், தமிழர் உவர்மலை என வழங்கும் ஓர்ஸ் ஹில்லில் எங்கள் இல்லம். அரசாங்க உத்தியோகத்தரும் ஓய்வூதியரும் மிகுந்த பகுதி இது. 2021இன் இறுதியில் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவருக்குப் பணிக்கொடை கைக்கு வருமுன்னரே யோசனை கூறுவோர் படியேறி வந்துவிட்டனர். ஒருவர் காணி என்றார். ஒருவர் தங்கம் என்றார். கொழும்பிலுள்ள என் தம்பியோ, "அக்கா, சந்தை ஏறிக்கொண்டிருக்கிறது. இப்போது வாங்காவிட்டால் எப்போது வாங்குவது?" என்றான். கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் 2022 ஜனவரியில் 13,000 புள்ளிகளைத் தாண்டியிருந்த நேரம் அது. என் கணவருக்கோ முழுத்தொகையையும் ஐந்து ஆண்டு நிலையான வைப்பாக ஒரே வங்கியில் இட்டுவிட்டு நிம்மதியாக உறங்க வேண்டும்.

"இப்பணம் நமக்கு எந்த ஆண்டில் வேண்டும்?" என்று கேட்டேன். மாமியாரின் மருந்துக்கு அடுத்த மாதமே வேண்டும். மகளின் திருமணத்துக்கு மூன்று ஆண்டுகளில் வேண்டும். எங்கள் தள்ளாத காலத்துக்குப் பத்து ஆண்டுகள் கழித்து வேண்டும். விதைநெல்லையும் உணவு நெல்லையும் ஒரே சாக்கில் கட்டுவாருண்டோ? அவர் சற்றுநேரம் சிந்தித்துவிட்டு, "நீர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது" என்றார்.

ஓராண்டுச் செலவைச் சேமிப்புக் கணக்கில் விட்டோம். திருமணப் பணத்தை நான்கு பங்காக்கி, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி வைப்பிலிட்டோம். எஞ்சிய சிறு பங்குக்குப் பின்னர் வழி பார்க்கலாம் என்று விட்டுவைத்தோம்.

மார்ச் மாதத்தில் ரூபாய் தளர்த்தப்பட்டது. ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், இரண்டு மாதங்களில் 350ஐக் கடந்தது. ஏப்ரல் 8ஆம் நாள் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே தடவையில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் நிறுத்தியது. பங்குச் சந்தை ஒரு வாரம் மூடப்பட்டது. மாத இறுதியில் சுட்டெண் 8,000க்கும் கீழே கிடந்தது. தம்பியின் தொலைபேசி சில வாரங்களுக்கு ஒலிக்கவே இல்லை, பாவம்!

எங்கள் வைப்புத் துண்டுகள் ஒவ்வொன்றாக முதிர முதிர, புதிய வட்டி முன்னையதைவிட உயர்ந்திருந்தது. ஐந்தாறு வீத வட்டிக்கு ஐந்தாண்டு கட்டியிருந்தால் இது கிடைத்திராது. ஆயினும் இதைப் பெருவெற்றி என்று கூறமாட்டேன். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். முந்திய ஆண்டில் நூறு ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு நூற்றெழுபது கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நெருப்பின் முன் எந்த வட்டியும் கைப்பிடி நீர்தான். நாங்கள் செய்ததெல்லாம் இழப்பைக் குறைத்தது மட்டுமே.

திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியபோது, "அனைத்தையும் அதிலே போடுவோமா?" என்றார் என் கணவர். முப்பது வீதம் கொடுத்துக் கடன் வாங்குபவருக்கு ஏன் அவ்வளவு கொடுக்க நேர்ந்தது என்பதையும் எண்ண வேண்டும் அன்றோ? ஒரு பங்கை மட்டும் இட்டோம். வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரையில்தான் என்பதால், மற்றப் பங்குகளை இரு வங்கிகளில் பிரித்தோம்.

ஜூன் மாதத்தில் மாமியாருக்குத் திடீரென வைத்தியச் செலவு வந்தது. முதிராத வைப்பை முறித்தால் வட்டி போய்விடும். ஆதலால் என் காப்புகள் இரண்டை அடைவு வைத்து, அடுத்த துண்டு முதிர்ந்ததும் மீட்டேன். நகையை அடைவு வைப்பதை மானக்குறைவாக எண்ணும் சகோதரிகள் பலர். தங்கம் பெட்டிக்குள் உறங்குவதற்கா வாங்கப்படுகிறது?

2023 ஜூன் 29 முதல் ஐந்து நாட்கள் வங்கிகள் மூடப்பட்டிருந்தன. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் நம் வைப்புகளிலும் கைவைப்பார்களோ என்று உவர்மலையில் பேச்சு. வைப்புகள் தப்பின, ஊழியர் சேமலாப நிதியம் போன்றவற்றின் முறிகளே நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. தம்பியின் முதுமைப் பணம் அங்கேதான் இருக்கிறது.

எஞ்சிய சிறு பங்கை 2022இன் நடுவிலிருந்து மாதந்தோறும் சிறிது சிறிதாகப் பங்குகளில் இட்டுவந்தேன். 2024இன் இறுதியில் சுட்டெண் 15,000ஐத் தாண்டியது; திறைசேரி உண்டியல் 9 வீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. தம்பி மீண்டும் தொலைபேசியில் பேசத் தொடங்கினான். "இப்போது விற்றுவிடுவோமே" என்றார் என் கணவர்.

"இது 2032க்கு உரியது" என்றேன்.

அவர் மறுமொழி கூறாமல் கோப்பை வாங்கி, அதன் மேலட்டையில் அந்த ஆண்டைப் பென்சிலால் எழுதிவைத்தார்.