பொறுத்தலும் ஓர் அளவையே

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. அதன் உண்மையை யாம் கற்றது ஒரு நீர்க்குழாயினிடத்தே என்று கூறின், அன்பர்கள் நகைக்கலாம்.

எம் ஆய்வுச்சாலையில் 1.2 லிட்டர் நீர் கொள்ளும் கலம் ஒன்று இருந்தது. வினாடிக்கு 20 கன சென்டிமீட்டர் வீதம் உட்புகும் நீர், அதிலே மின்சாரத்தாற் சூடேறி, 4 மீட்டர் நீளமுள்ள குழாய் வழியே சென்று, கடைக்கோடியிலுள்ள வெப்பமானியைத் தொட்டு வெளியேறும். 30 பாகையில் வரும் நீரை 40 பாகையில் நிறுத்துவதே எமக்கிட்ட பணி. எளிதென்றெண்ணி மின்சக்தியைச் சிறிது கூட்டினோம், பாதரசம் அசையவில்லை. பின்னும் கூட்டினோம், அசைவில்லை. சினந்து மேலும் கூட்டினோம். அதன்பின் எழுந்த பாதரசமோ 50 பாகையையும் கடந்தது. அஞ்சி முற்றும் நிறுத்தினோம், நீர் குளிர்ந்துபோயிற்று. ஒரு மணி நேரம் இவ்வாறே ஊசலாடினோம்.

எம் ஆசிரியர் முறுவலித்து, “ஒரே முறை கூட்டிவிட்டுக் கைகட்டி நில்லுங்கள்” என்றார். அவ்வாறே நின்று, கட்டத்தாளில் வெப்பத்தைக் குறித்து வந்தோம். முதல் 20 வினாடி கோடு கிடையாகவே கிடந்தது. சூடேறிய நீர் குழாயைக் கடத்தற்கு வேண்டிய காலம் அது, அதுவே தாமதம். பின்னர்க் கோடு விரைந்தெழுந்து, போகப்போகத் தளர்ந்தது. கலத்து நீரைச் சூடு மெல்ல மெல்லப் பற்றுதலே காரணம், அது மந்தம். கொள்ளளவை ஒழுக்கால் வகுக்க, மந்தத்தின் அளவு 60 வினாடியாயிற்று. எழுச்சி தொடங்கி 60 வினாடியில் ஏறக்குறைய 6.3 பாகையும், 180 வினாடியில் 9.5 பாகையும் ஏறின.

மந்தத்திற் பயன் சிறிதேனும் உடனே தோன்றும். தாமதத்தில் யாதும் தோன்றாது. பதறும் கை ஏமாறுவது அங்கேதான். இத்தகைய வளைகோட்டைக்கொண்டு, திருத்தும் கை எத்துணை வலிதாகலாம் என்பதற்கு 1942-ஆம் ஆண்டில் சீக்லர், நிக்கல்ஸ் என்னும் இருவர் விதி வகுத்தனர். மந்தத்தைத் தாமதத்தால் வகுத்த ஈவே அதன் உயிர். எமக்கு அவ்வீவு 3. குழாய் இருமடங்கு நீளுமாயின் அஃது ஒன்றரையாகும். கையும் அவ்வளவிற்கு மென்மையாதல் வேண்டும். வரவிருக்கும் வெப்பத்தை முன்னரே கணித்து நடக்கும் முறையை 1957-இல் ஓட்டோ ஸ்மித் என்பார் காட்டினார். எனினும், குழாயின் தாமதத்தை அம்முறையும் ஒழித்ததில்லை.

இளையோர்க்கு ஒரு சொல் கூறி, பயன் காணுமுன்னரே பத்துச் சொல் அடுக்க நா எழுங்கால், அக்கிடைக்கோடு எம் கண்முன் நிற்கின்றது. பொறுமை சோம்பலன்று, கணக்கறிந்து காத்திருத்தல். இருபது வினாடி பொறாத எம் கைகள் அன்று ஒரு மணி நேரத்தை இழந்தன.