ரெண்டு டாக்டர், ரெண்டு மாத்திரை, ஒரே அம்மா!

எங்க அம்மாவுக்கு ரெண்டு டாக்டர். ஒருத்தர் இதயத்துக்கு, இன்னொருத்தர் கேன்சருக்கு. ரெண்டு பேருமே கெட்டிக்காரங்க. ஆனா, அவர் எழுதினது இவருக்குத் தெரியாது. வம்பே அங்கேதான் ஆரம்பிச்சது!

அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். சின்ன வயசில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போய், மெக்கானிக்கல் வால்வு வெச்சாங்க. அதில் ரத்தம் கட்டாம இருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை. மாசம் ஒரு தடவை ஐ.என்.ஆர். டெஸ்ட். அம்மாவுக்கு அது 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்கணும். குறைஞ்சா வால்வில் ரத்தம் உறையும். கூடினா ரத்தக் கசிவு. கத்தி மேல நடக்கிற கதைதான்.

போன வருஷம் குடலில் கேன்சர். ஆபரேஷன் முடிஞ்சு, கேப்சைடபின்னு ஒரு கீமோ மாத்திரை. ரெண்டு வாரம் சாப்பிடணும், ஒரு வாரம் லீவு. ‘ஊசியில்லை, மாத்திரைதானே’ன்னு அம்மாவுக்கு நிம்மதி. ரெண்டாவது ரவுண்டில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். கையெல்லாம் நீலத் திட்டு. “உஷ்ணம் கண்ணு”ன்னாங்க. நான் விடலை, லேபுக்கு இழுத்துட்டுப் போனேன். ஐ.என்.ஆர். 7-ஐத் தாண்டியிருந்தது! உடனே அட்மிட். அசிட்ரோமை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்தாங்க. நல்லவேளை, மூளைக்குள் கசியலை.

என்ன நடந்ததாம்? அசிட்ரோம், அதன் அண்ணன் வார்ஃபரின்... ரெண்டையும் உடைச்சு வெளியே அனுப்புவது கல்லீரலில் இருக்கும் ஒரு என்சைம். கேப்சைடபின் அந்த என்சைமை மந்தமாக்கிடுது. வெளியேற வேண்டிய மாத்திரை ரத்தத்திலேயே தங்கிடுது. ஓர் ஆய்வில், ரத்தத்தில் வார்ஃபரின் 57 சதவிகிதம் கூடியிருக்கு. 1948-ல் எலி விஷமா விற்பனைக்கு வந்து, 1954-ல் மனுஷங்களுக்கு மருந்தான சரக்கு அது. அளவு முக்கியம் பாஸ்! கீமோ தொடங்கின சில நாளிலும் கசிவு வரலாம். நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும்கூட வரலாம்.

‘வேற புது மாத்திரைக்கு மாறிக்கலாமே?’ன்னு கேட்டேன். மெக்கானிக்கல் வால்வுக்கு அது சரிப்படாதாம். டாபிகாட்ரன் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012-ல் பாதியிலேயே நிறுத்திட்டாங்களாம்.

அப்புறம் என்ன, அம்மா சாப்பிடற அத்தனை மாத்திரையையும் ஒரே தாளில் எழுதி ரெண்டு டாக்டர் மேஜையிலும் வெச்சேன். அவங்க போனில் பேசி, அசிட்ரோம் அளவைக் குறைச்சாங்க. இப்போ வாராவாரம் டெஸ்ட். சனிக்கிழமை சம்பளத்தில் முதல் செலவு அதுதான்.

உங்க வீட்டிலும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க இருக்காங்களா? புதுசா எந்த மாத்திரை வந்தாலும், முதல் வேளைக்கு முன்னாடியே டாக்டரிடம் சொல்லிடுங்க. நீங்களா எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

பனியனில் கறை இருந்தா அம்மா அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. அதே ஸ்டிக்கர் ரெண்டு இப்போ எங்க மாத்திரை லிஸ்ட்டில் இருக்கு... அசிட்ரோம் பக்கத்தில் ஒண்ணு, கேப்சைடபின் பக்கத்தில் ஒண்ணு!