விலைக்கு நின்ற வீடு

பெண் பார்க்க வரும் நாளில் ஒரு வீடு கொள்ளும் கோலத்தை அனைவரும் அறிவோம். விலைக்கு வாங்க வருவோர்க்காகவும் வீடு அவ்வாறே கோலம் கொள்ள வேண்டும் என்பதை, மேலப்பாளையத்தில் இருந்த எங்கள் பூர்வீக இல்லத்தை விற்க முனைந்தபோதுதான் அறிந்தோம்.

வாப்பா மறைந்தபின் உடன்பிறந்தோர் மூவரும் மூன்று ஊர்களில் வாழ்ந்தோம். உம்மாவைத் தனியே விடவும் மனமில்லை. வீட்டைப் பூட்டிப் பாழாக்கவும் மனமில்லை. எனவே விற்கத் துணிந்தோம். சுற்றிப் பார்த்த தரகர், "வீடு நல்ல வீடுதான், பார்ப்பவர் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும்" என்றார்.

ஒரு வாரம் உழைத்தோம். சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து சுவர்களுக்கு அடித்தோம். தேக்குக் கதவின் அழுக்கைத் துடைத்து எண்ணெய் பூசினோம். கிணற்றைத் தூர் வாரினோம். தட்டுமுட்டுச் சாமான்களை அகற்றியதும் அறைகள் அகன்றுவிட்டனபோல் தோன்றின. சன்னலை மறைத்த முருங்கைக் கிளையை வெட்டினோம். இருண்ட அறைக்குள் ஒளி புகுந்தது. வாழ்ந்த நாளில் செய்யாததைப் பிரியும் நாளில் செய்கிறோமே என்று வருந்தவும் செய்தோம்.

எஞ்சியது ஒரு குறை. பாட்டனார் காலத்தில் முன்னறையில் குழித்தறி இருந்தது. நெசவு நின்றபின் அக்குழியை மண்ணாலும் செங்கல் துண்டுகளாலும் நிரப்பி, மேலே சிமெண்டு பூசியிருந்தனர். இடித்து இறுக்காத மண் நாளடைவில் அமிழ்ந்தது, தளம் வெடித்தது, மழைக்காலத்தில் ஓதம் ஏறியது. நாங்கள் விரிசலைச் சிமெண்டால் மெழுகி, அதன்மேல் பத்தமடைப் பாயை விரித்தோம். அறைக்கு அது அழகாகவே இருந்தது.

வாங்க விரும்பியவர் குடும்பத்துடன் வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். கிணற்று நீரைச் சுவைத்தார். மனநிறைவோடு அப்பாயிலேயே அமர்ந்தார். விலை பேசத் தொடங்கிய வேளையில், உள்ளிருந்து வந்த உம்மா, "கொஞ்சம் எந்திரிச்சுக்கிடுங்க" என்று கூறிப் பாயைச் சுருட்டினார். தறிக்குழியின் கதை முழுவதையும் சொன்னார். வந்தவர் யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றார், திரும்பவில்லை.

எங்கள் முகவாட்டத்தைக் கண்ட உம்மா, "நனஞ்ச நெல்ல அடியில வச்சு, காஞ்ச நெல்ல மேல போட்டு விக்கலாமா மக்களே?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் தலைகுனிந்தோம்.

வாங்குபவர் இயல்பான கவனத்தோடு பார்த்தும் அறிய இயலாத பெருங்குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் செய்யாத வணிகரைப் போற்றுகிறது பட்டினப்பாலை. அதைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள் நாங்கள். அதில் ஓரெழுத்தும் அறியாமல் அதன்படி நடந்தவர் உம்மா.

நான்கு திங்கள் கழித்து வேறொருவர் வந்தார். அன்று பாய் விரிக்கப்படவில்லை. தளத்தைத் தோண்டிச் சீராக்கும் செலவைக் கழித்து விலை கேட்டார்; இசைந்தோம். பத்திரப் பதிவு முடிந்த இரவில் நிம்மதியாக உறங்கினோம்.

வீட்டைத் துலக்குவது வேறு, மறைப்பது வேறு. முன்னது உள்ளதைக் காட்டுவது. பின்னது இல்லாததை விற்பது. இரண்டிற்கும் இடையே இருப்பது ஒரு பாயின் கனமே என்பதை உம்மாவிடம் கற்றோம்.