நூறு டாலர் பூட்டு

பாப்புலர் சயின்ஸ் பத்திரிகைன்னாலே டைம்பாஸ்னு சொல்ற நண்பர்களுக்காக இந்தப் பதிவு.

1845-ல ஆரம்பிச்ச 'சயின்டிஃபிக் அமெரிக்கன்'ல மார்ட்டின் கார்ட்னர் கணக்குப் புதிர்கள் எழுதிட்டிருந்தார். 1977 ஆகஸ்ட் பத்தியில, ஆர்.எஸ்.ஏ. ரகசியக் குறியீட்டை சாதாரண வாசகருக்கு விளக்கினார். கூடவே, 129 இலக்க எண்ணால பூட்டின ஒரு செய்தி. திறந்தா 100 டாலர்! கண்டுபிடிச்சவங்களோட கட்டுரை ஆய்விதழ்ல வந்ததே 1978-லதான் :-)

1994-ல சுமார் 600 பேர் இணையத்துல சேர்ந்து, அந்த எண்ணைக் காரணிப்படுத்தி பூட்டை உடைச்சாங்க. இன்னைக்கு ஆபீஸ்ல நாங்க 617 இலக்க எண் வைக்கிறோம்.

பூட்டோட சூட்சுமத்தை ஊருக்கே சொல்லலாமான்னு கேட்பாங்க. சொன்னதாலதான் எவ்வளவு பெரிய பூட்டு வேணும்னு தெரிஞ்சது. மூடி வெச்சிருந்தா, அது திருடனுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.