சாலியபுரத்தில் இரு நாட்கள்

மன்னார் என்றவுடன் நம் பழைய மாணவர்களுட் பலர்க்கு நினைவில் எழுவன திருக்கேதீச்சரமும், பாலாவியும், பள்ளிமுனைப் பெருக்கமரமும், தெருவிலே தம் விருப்பம்போல் நிற்கும் கழுதைகளுமேயாம். 1914 ஆம் ஆண்டிலே தொடங்கிய தலைமன்னார்க் கப்பற் சேவையைப் பற்றி முதியோர் இன்றும் சுவைபடப் பேசுவர். மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப் பந்தயத்தையும் மன்னாரையும் சேர்த்து எண்ணுவோர் அரியர். யூபிலி மலருக்கு விளையாட்டைப் பற்றி ஏதேனும் எழுதுக என மலர்க்குழுவினர் கேட்டபோது, கிரிக்கெற்றைப் பற்றி எழுதப் பலர் உளர் என்று எண்ணி, யான் இதனை எடுத்துக்கொண்டேன்.

இவ்வகைப் பந்தயம் இந்நாட்டிற்குப் புதிதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையில் இரண்டாம் உலகப்போர்க் கால விமானத்தளமே பின்னர்ப் பந்தயத் திடலாயிற்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும், இங்கிலாந்திலே சில்வர்ஸ்ரனிலும் நிகழ்ந்தது அதுவே. மண்தரையில் ஓடும் பந்தயமோ வேறு. அது 1924 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கம்பர்லியில் தோன்றியது. 1972 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகர விளையாட்டரங்கினுள்ளே மண்ணைக் கொட்டி மேடும் பள்ளமும் அமைத்து ஒரு பந்தயம் நடத்தினர்; ‘சுப்பர் குறொஸ்’ என்னும் பெயர் அதன் வழிவந்தது. தியத்தலாவையில் நடைபெறும் பொக்ஸ்ஹில் பந்தயமும், அநுராதபுரத்தை அடுத்த சாலியபுரத்தில் நடைபெறும் கஜபா பந்தயமும் அவ்வகையின. மன்னாரிலிருந்து மதவாச்சி வழியாகச் சென்றால் சாலியபுரம் ஒரு காலைப்பொழுதுப் பயணமே. ஆதலின் நம் இளைஞர் கண் அதன்மேற் சென்றது வியப்பன்று.

இளைஞர் எனினும் ஐவரே. இருவர் ஓட்டுநர், ஒருவர் கராச் உடையவர், ஒருவர் லொறிச் சாரதி, ஐந்தாமவன் எல்லா வேலையும் செய்பவன். நால்வர் என்னிடம் பௌதிகம் பயின்றவர்கள். ஓய்வுபெற்ற எனக்கு நேரக்கணிப்புக் கடிகாரத்தையும் கணக்குக் கொப்பியையும் கொடுத்து ஆறாமவனாகச் சேர்த்துக்கொண்டனர். பந்தயச் செலவிற் பெரும்பகுதி பெற்றோலுக்கன்று, ரயருக்கு என்பதை அக்கொப்பியே எனக்குக் கற்பித்தது.

பயிற்சி தீவின் தென்கரையை அண்டிய வெளியில் நடந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அங்கு நிற்பதே ஒரு தவம். மணலில் ஓட்டுவோன் உடலைப் பின்னே சாய்த்து, வேகத்தைக் குறையாது பிடித்தல் வேண்டும். தயங்கினாற் முன்சில்லு மணலிற் புதையும். மூடப்பட்ட காற்றுவடியை எண்ணெயில் தோய்த்துப் பொருத்தாவிடின் நுண்மணல் உட்சென்று பிஸ்ரனை அராவிவிடும். உப்புக்காற்றோ சங்கிலியை ஓரிரவிலே சிவக்கச் செய்யும். மணலிற் பழகியவன் சாலியபுரத்தின் இறுகிய தரையிற் சறுக்குவான் என்று கராச்காரர் அஞ்சினார். அதற்கென வேறு ரயர், நெருங்கிய சிறு பற்களுடையது, கொழும்பிலிருந்து தருவிக்கப்பட்டது. கொப்பியில் அந்த வரியை எழுதும்போது என் கை சற்றே தயங்கியது.

மூத்த ஓட்டுநனின் தாய் ஒருவரே இதற்கு உடன்படவில்லை. 1990 ஆம் ஆண்டிலே கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் சேர்ந்தோருள் அவரும் ஒருவர். மகன் அகதி முகாமிற் பிறந்தவன். தந்தை இன்று இல்லை. சாலியபுரம் கஜபா படையணியின் தலைமையகம் என்பதை அறிந்ததும் அவர் முகம் மாறிற்று. நான் அவ்வீட்டு முற்றத்தில் நெடுநேரம் இருந்தேன். இறுதியில் அவர், “மாஸ்ரர் கூடப் போறதெண்டால் போகட்டும். கொண்டுபோற மாதிரியே கொண்டுவந்து தாங்கோ” என்றார். பௌதிகத்தில் இதனைக் காட்டிலும் கடினமான வினா எனக்கு எவரும் இட்டதில்லை.

சனிக்கிழமை விடியுமுன் 2010 இல் திறந்த புதிய பாலத்தைக் கடந்து சென்றோம். திடலை அடைந்தபோது எங்கள் லொறியின் இலக்கத்தகட்டை எவரும் நோக்கவில்லை. எல்லோரும் சங்கிலியையும் காபரேற்றரையும் நோக்கிக்கொண்டிருந்தனர். பந்தயக்காரர் கூடுமிடத்தில் முதற்கேள்வி ‘என்ன பல்லுச் சக்கரம் போட்டீர்?’ என்பதே, ஊரும் பெயரும் பின்னரே வரும்.

பயிற்சிச் சுற்றுகளில் மூத்தவன் நன்றாகவே ஓட்டினான். ஒவ்வொரு சுற்றிலும் நேரம் குறைந்துவந்தது. ஏழாம் சுற்றிலே, இரட்டை மேட்டைத் தாண்டியபோது முன்சில்லு குறுக்கே விழ, அவன் தலைகுப்புற வீழ்ந்தான். நான் ஓடிச்சேர்வதற்குள் எழுந்து நின்று தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். மருத்துவர் கையையும் தோளையும் சோதித்து எலும்பு முறிவில்லை என்றார். தலைக்கவசத்தின் இடப்புறத்தில் மட்டும் நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு இருந்தது.

இங்கே வாசகர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். ஆசிரியத் தொழில் விட்டுப்போவதில்லை. அரேபியாவின் லோறன்ஸ் எனப் புகழ்பெற்றவர் 1935 இல் மோட்டார்ச் சைக்கிளிலிருந்து வீழ்ந்து தலையிற் காயமுற்று இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெயான்ஸ், அதன் பின் இத்தகைய மரணங்களை ஆராய்ந்து 1941 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைக்கவசம் பரவியமைக்கு அவருடைய ஆய்வுகள் பெரிதும் துணைநின்றன. இன்றைய கவசத்தில் காப்பது வெளியோடன்று, உள்ளேயுள்ள நுரையே. அடிபடும்போது அது நசுங்கி, அந்த விசையைத் தான் ஏற்றுக்கொள்கிறது. நசுங்கியது மீளாது. ஆதலின் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே புதியதாய்த் தோன்றினும் இரண்டாம் அடிக்கு உதவாது.

இதனைச் சொன்னபோது அவன், “கீறல் தானே சேர்” என்றான். பக்கத்துக் கூடாரத்துக் குருநாகல் இளைஞர் இதைக் கேட்டு, தம் மேலதிகக் கவசத்தை எடுத்துவந்து நீட்டினர். அளவும் சரியாக இருந்தது. ஆகவே பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தனர்.

எனக்குத் தீரவில்லை. மாலையில் அவனைத் தனியே அழைத்து, “தம்பி, விழுந்த சுற்றில் முதல் வளைவை எப்படி எடுத்தாய்?” என்று கேட்டேன். ஒவ்வொரு வளைவையும் கனவிலும் சொல்லக்கூடியவன் அவன். நெடுநேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “சரியா நினைவில்லை சேர்” என்றான். மருத்துவரிடம் மீண்டும் அழைத்துச் சென்றேன். அவர் விளக்கால் கண்ணைப் பார்த்து, சில கேள்விகள் கேட்டு, மறுநாள் ஓடக்கூடாது என்றார். மூளை அதிர்ந்தவன் அது ஆறுமுன் மறுபடி வீழ்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும் என்பதையும் விளக்கினார்.

அன்றிரவு எவரும் அதிகம் பேசவில்லை. ஓராண்டு உழைப்பும், கொப்பியில் எழுதிய அத்தனை தொகையும் அந்த ஒரு சொல்லிலே நின்றன. கராச்காரர் என்மேற் சினங்கொண்டார் என்றே நினைக்கிறேன். சோறு பரிமாறும்போது என் பக்கம் திரும்பவில்லை. இரவு முழுவதும் இருமணிக்கொருமுறை அவனை எழுப்பிப் பெயரைச் சொல்லச் செய்தேன். நான்காம் முறை, “சேர், உங்கட பேரையும் சொல்லட்டோ?” என்றான். அதன் பின்னரே எனக்கு மனம் ஆறிற்று.

ஞாயிறன்று இளையவன் மட்டும் தன் பிரிவில் ஓடினான். புறப்பாட்டிற் பின்தங்கி, மணற்காட்டில் கற்ற பொறுமையால் மெல்ல முன்னேறி, பத்தாவதாக வந்தான். மூத்தவன் வளைவோரத்தில் நின்று கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் நின்று நேரம் எடுத்தேன். குருநாகல் இளைஞர் தம் பிரிவில் மூன்றாமிடம் பெற்று, ஒரு கொத்து வாழைப்பழத்துடன் எங்கள் கூடாரத்திற்கு வந்தனர்.

மன்னாரை அடைந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. தாய் விளக்கேற்றி விழித்திருந்தார். மகனைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். தோளிலே சிராய்ப்பைக் கண்டு உள்ளே சென்று எண்ணெய் எடுத்துவந்தார். என்னிடம், “சாப்பிட்டிட்டுப் போங்கோ மாஸ்ரர்” என்று மட்டும் சொன்னார். சூடைமீன் குழம்பு, நான் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் கராச்சிற்குச் சென்றேன். மூத்தவன் அந்தத் தலைக்கவசத்தை இடுக்கியிற் பிடித்து, இரும்பறுக்கும் வாளால் நடுவே அறுத்துக்கொண்டிருந்தான். கராச்காரரும் பக்கத்தில் நின்றார். இரு பாதியாகப் பிரிந்தபோது, கீறலுக்கு நேர் உள்ளே வெண்ணுரை ஒரு பெருவிரல் அகலத்திற்குக் கடதாசிபோல் நசுங்கியிருந்தது. கராச்காரர் அதை நெடுநேரம் பார்த்தார். பின், அந்தப் பாதியைச் சுவரில், ரயர்கள் தொங்கும் ஆணிக்கு மேலே, எல்லாப் பையன்களும் காணுமாறு மாட்டினார்.