சாட்சிகள் இல்லாத வீடு

மணிரத்னம் இயக்கத்தில் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த 'அலைபாயுதே' திரைப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் காதற்பகுதியையே பேசுகின்றனர். புறநகர் மின்வண்டி, எதிரெதிரே சந்திக்கும் பார்வைகள், ஏ.ஆர். ரகுமானின் இசை! தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931 முதல் மின்வண்டி ஓடும் இந்தத் தடத்தில் அன்றாடம் கல்லூரிக்குச் சென்று வரும் என்போன்ற மாணவருக்கு அப்பகுதி இனிக்காமல் போகுமா? ஆயினும் என் உள்ளத்தை விட்டகலாமல் நிற்பது திருமணத்துக்குப் பின்வரும் கதைதான்.

கார்த்திக்கும் மருத்துவ மாணவி சக்தியும் பெற்றோர் அறியாமல் மணமுடித்துவிட்டு, எதுவுமே நிகழாததுபோல் அவரவர் வீட்டுக்குத் திரும்புகின்றனர். உண்மை வெளிப்பட்டபின், கட்டி முடிக்கப்படாத ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியேறுகின்றனர். மெல்ல மெல்லச் சொற்கள் தடிக்கின்றன. பிரிவின் புண் ஆறுமுன்னே சக்தியின் தந்தை இறந்துவிடுகிறார். கணவனின் ஒரு நற்செயலே மனைவியின் கண்ணுக்குத் துரோகமாகத் தெரிகிறது. இதில் குடிகாரன் இல்லை, கொடியவன் இல்லை. அன்புள்ள இருவர் மட்டுமே இருக்கின்றனர். அதுவே என்னை அச்சுறுத்தியது.

உடனிருந்து பார்த்த என் தாயார் ஒன்று சொன்னார்: "பெரியவங்க ஒருத்தர் அந்த வீட்டில இருந்திருந்தா, 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்கிறதுக்குப் பதில் சொல்லவாவது ரெண்டு பேரும் வாயைத் திறந்திருப்பாங்க."

"பெரியவங்களாலயே உடைஞ்ச வீடு எத்தனை இருக்கும்மா?" என்றேன். அம்மா மறுக்கவில்லை, சிரித்தார். மாமியாரோடு பதினெட்டு ஆண்டுகள் ஒரே சமையலறையில் வாழ்ந்தவர் அவர்.

இரகசியத் திருமணம் நம் திருச்சபைக்குப் புதிய சிக்கலன்று. மணமக்கள் இருவரின் மனமொத்த சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது என்பது நம் போதனை. ஆகையால் சாட்சி எவருமின்றி இருவர் தமக்குள் கொடுத்துக்கொண்ட வாக்கையும் ஒரு காலத்தில் திருச்சபை செல்லுபடியாகும் திருமணமாகவே ஏற்றது. அதன் விளைவு கொடிதாயிற்று. மறைவில் ஒருத்தியை மணந்தவன், அவளைக் கைவிட்டு ஊரறிய மற்றொருத்தியை மணந்தான். முதலாமவள் எதைக் காட்டி நீதி கேட்பாள்? எனவே 1563இல் திரெந்து பொதுச்சங்கம், பங்குத்தந்தை முன்னிலையிலும் குறைந்தது இரு சாட்சிகள் முன்னிலையிலும் திருமணம் நிகழவேண்டும் எனவும், அதற்குமுன் மும்முறை ஆலயத்தில் அறிவிக்கப்படவேண்டும் எனவும் ஆணையிட்டது. நம் பங்குகளில் ஞாயிறுதோறும் நாம் அரைகுறையாய்ச் செவிமடுக்கும் திருமண ஓலை அங்கிருந்து வருவதே.

என்னை வியப்பில் ஆழ்த்தியது அதே ஆணையின் மற்றொரு பகுதி. பெற்றோரின் இசைவின்றிப் பிள்ளைகள் செய்துகொண்ட திருமணம் செல்லாது என்று கூறுவோரை அச்சங்கம் வன்மையாகக் கண்டித்தது. சாதியும் சீர்வரிசையும் பார்த்துப் பிள்ளைகளின் விருப்பத்தை மிதிக்கும் கத்தோலிக்கப் பெற்றோர் இன்றும் உண்டல்லவா? அவர்கள் இதை அறிவது நலம். பெற்றோரின் இசைவைத் திருச்சபை நாடுகிறது. ஆனால் திருமணத்தின் உயிரை அதில் வைக்கவில்லை. கட்டாயம் என்று அது கேட்டது சாட்சிகளைத்தான்.

கார்த்திக்-சக்தியின் திருமணத்தையும் கண்டவர் உண்டு. நண்பர்கள் உடனிருந்தார்கள். அந்தப் பாதிக் கட்டடத்துக்கு வந்து கதவைத் தட்டத்தான் ஆளில்லை. இறுதியில் சக்தி விபத்தில் சிக்கி மருத்துவமனையில் கிடக்கும்போது, முன்பின் அறியாத ஓர் அதிகாரி, தம் மனைவி நிகழ்த்திய அந்த விபத்தின் பழியைத் தாமே சுமக்க முன்வருகிறார். அவரைக் கண்டுதான் கணவன் என்பவன் யாரெனக் கார்த்திக் உணர்கிறான். பிறர் இல்லறத்தைக் காணும் வாய்ப்பு அவனுக்கு அவ்வளவு காலந்தாழ்ந்து கிடைக்கிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில், மணவாழ்வின் தொடக்க ஆண்டுகளில் அனுபவமுள்ள தம்பதியர் இளந்தம்பதியருக்குத் துணைநிற்க வேண்டுமென வலியுறுத்தினார். ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் எழுந்து நிற்கும் அடுக்குமாடிகளைக் காணும்போது அவ்வறிவுரை வெறும் ஏட்டுச் சொல்லாகத் தோன்றவில்லை. என் அக்காளும் அத்தானும் கூடுவாஞ்சேரியில் அத்தகைய ஒரு வீட்டில்தான் வாழ்கின்றனர். அவருக்கு மறைமலை நகரில் இரவுப் பணி. அவளுக்குத் தரமணியில் பகற்பணி. சென்ற தவக்காலத்தில் அவள் ஒரு பெட்டியுடன் எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் தங்கினாள். காரணத்தை அவளும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

அவர்களுடைய திருமணப் பதிவேட்டில் சாட்சியாகக் கையொப்பமிட்டவர் எங்கள் மாமா. பத்தாம் நாள் அவர் வந்து அவளைத் தம்மோடு அழைத்துச் சென்றார். அதன்பின் மாதத்தில் ஒரு ஞாயிறு, பல்லாவரத்தில் மாலை வண்டியேறிக் கூடுவாஞ்சேரியில் இறங்குகிறார். அறிவுரை எதுவும் கூறுவதில்லை என்று அக்காள் சொல்கிறாள். அத்தானோடு சிறிது நேரம் கிரிக்கெட் பார்க்கிறார். இருவரும் சேர்ந்து ஊற்றித் தரும் காபியைக் குடிக்கிறார். எட்டரை மணி வண்டிக்குப் புறப்பட்டுவிடுகிறார்.